தேய்த்தால் போச்சு!

செகண்ட் ஹாண்டில் பைக் வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல், எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று குனிந்து பார்ப்பார். வெளிநாடுகளில் பழைய கைத்துப்பாக்கி சேகரிக்கிற ஆசாமிகளும் இதையேதான் செய்கிறார்கள். என்ன, கையில் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும்.

அவர்களுடைய செல்லப்பிள்ளை, ஜெர்மனியின் லூகர். 1908-ல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட 9 மி.மீ. பிஸ்டல். பழைய யுத்தப் படங்களில் நாஜி அதிகாரி இடுப்பிலிருந்து உருவுவாரே, அதேதான்.

கையில் எடுத்ததும் முதல் வேலை, உள்ளே தோட்டா இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் மேலே ஒரு சின்ன நாக்கு தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் 'கெலாடென்' என்ற எழுத்தைக் காட்டும். ஜெர்மன் மொழியில் 'லோட் ஆகியிருக்கு' என்று அர்த்தம். நாக்கு சாதுவாகப் படுத்திருந்தாலும் நம்பக்கூடாது. மேகஸினை உருவி, திறந்து பார்த்துவிட வேண்டும். விலை தெரிவதற்கு முன்னால் உயிர் போகக்கூடாது, பாருங்கள்!

அடுத்தது நம்பர். ராணுவ லூகரில் முழு நம்பர் உடம்பிலும் குழலிலும் இருக்கும். குட்டிப் பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும். 4317 என்றால் ட்ரிக்கரில் 17, சேஃப்டியில் 17. எங்காவது 52 என்று இருந்தால் அது வேறு துப்பாக்கியிலிருந்து வந்த ஒட்டு. சுடும், ஆனால் விலை சரிந்துவிடும். எல்லாம் 17 என்றாலும் உடனே பர்ஸை எடுக்க வேண்டாம். பழைய நம்பரைத் தேய்த்துவிட்டுப் புதுசு அடிக்கிற கில்லாடிகள் உண்டு.

கடைசியில் நிறம். முதல் உலகப் போர்க் காலத்து லூகரில் உடம்பு கருநீலம். ட்ரிக்கர், சேஃப்டி லீவர் போன்றவை சூடேற்றி வரவழைத்த வைக்கோல் மஞ்சள். அவையும் நீலமாக இருந்தால் யாரோ மறுபடி நிறம் ஏற்றியிருக்கிறார்கள். விளிம்பு மழுங்கி, எழுத்து மங்கி, துருப் பள்ளத்துக்குள்ளேயும் நீலம் மினுங்கினால் சந்தேகமே வேண்டாம். தலையில் டை, முகத்தில் சுருக்கம் கதைதான்.

இதில் பரிதாபம், எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் இல்லை. தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த லூகரை, பேரன் பாசத்தோடு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவான். சிலர் நிக்கல் முலாமே பூசிவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. விலையில் பெரும்பகுதி காலி. தேய்த்த உலோகம் திரும்பி வராது.

வயசானதை மன்னித்துவிடுவார்கள். மேக்கப்பைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.