மேஜைக்கு அடியில் கிடக்கும் மெஷின்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடை. சித்திரைத் திருவிழா சமயத்தில் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா ஆறு சேலைகளை எடுத்து அடுக்கிவிட்டு, "அண்ணே, கார்டு எடுப்பீங்களா?" என்று கேட்டார். "மெஷின் ரிப்பேர்மா" என்றார் கடைக்காரர். அந்த அம்மா கையிலிருந்த ரொக்கத்துக்கு இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். மெஷினில் எந்தப் பழுதும் இல்லை. சார்ஜ் ஏற்றாமல், மேஜைக்கு அடியில், பழைய பில் புத்தகங்களோடு கிடந்தது. "தேய்ச்சா ரெண்டு பர்சன்ட் போயிருது தம்பி, அதை யாரு குடுப்பா?" என்றார் என்னிடம்.

சேலை ஒன்று 1,200 ரூபாய். ஆறுக்கு 7,200. வெளிநாட்டுக் கார்டு என்பதால் மூன்று சதவீதமே பிடித்திருந்தாலும் 216 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்தால் 255. அதை மிச்சப்படுத்தப் போய் 4,800 ரூபாய் வியாபாரம் படியிறங்கிவிட்டது.

மாசி வீதிகளிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிக் கடைத்தெருக்களிலும் இதே பேச்சுதான்: சின்னக் கடைக்குக் கார்டு கட்டாது. இதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் காரணம், அந்த இரண்டு சதவீதம். எல்லாக் கார்டுக்கும் ஒரே கட்டணம் என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரி 1 முதல் கட்டணமே கிடையாது. விசா, மாஸ்டர்கார்டு டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் உச்சவரம்பு வைத்தது. முந்தைய ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் மெஷினில் தேய்ப்பதற்கு 0.40 சதவீதம், அதைத் தாண்டிய கடைகளுக்கு 0.90. கிரெடிட் கார்டுக் கட்டணத்துக்குத்தான் வரம்பு இல்லை. அதுவும் பேசிக் குறைக்கக்கூடியது.

மாதம் ஒரு லட்சம் ரூபாய் கார்டில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40,000 ரூபே டெபிட்: கட்டணம் இல்லை. 30,000 மற்ற டெபிட்: 120 ரூபாய். 30,000 கிரெடிட், 1.8 சதவீதத்தில்: 540 ரூபாய். ஆக 660. எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. போட்டாலும் 779. உண்மையில் 2,000 ரூபாய்க்கு உட்பட்ட பில்களுக்கு அந்த வரியும் இல்லை. கடைக்காரர் பயந்ததோ இரண்டாயிரத்துக்கு.

பால், ரீசார்ஜ் போல ரூபாய்க்குப் பைசாக் கணக்கில் லாபம் வரும் சரக்குக்குக் கிரெடிட் கார்டு கட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். துணி, பாத்திரம், மின்சாதனம், உதிரிபாகம் விற்கிறவர் அந்தக் கணக்கைக் கடன் வாங்கிப் பேசக் கூடாது.

"ஜிபே இருக்கே" என்பது அடுத்தது. ஜிபேயில் வருவது வாடிக்கையாளர் கணக்கில் இருக்கும் பணம். இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் அந்தக் கணக்கில் என்ன இருக்கும்? அப்போது அவர் கேட்பது, "அண்ணாச்சி, எழுதிக்கங்க, ஒண்ணாம் தேதி தர்றேன்." கடன் நோட்டு விரிகிறது. நான் கணக்கு எழுதும் கடைகளில் உண்மையான நஷ்டம் அந்த நோட்டில்தான் இருக்கிறது. சித்திரையில் எழுதியது ஆடி வந்தும் அடிக்கப்படாமல் நிற்கும். கொள்முதலுக்குக் காசில்லாமல் கடைக்காரர் தண்டலுக்குப் போவார். பத்தாயிரம் கேட்டால் 8,500 கையில் வரும். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 8,500 ரூபாய்க்கு நூறு நாளில் 1,500 வட்டி. கிரெடிட் கார்டு தேய்த்தால் அந்தக் கடனை வங்கி சுமக்கிறது. வசூல் அலைச்சலும் அதனுடையது. நமக்குப் பெரும்பாலும் மறு வேலைநாளே பணம் வந்துவிடும். ஆயிரத்துக்குப் பதினெட்டு ரூபாய் கமிஷனுக்கு அழுதுகொண்டு பதினேழு சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

இன்னொன்று. ரூபே கிரெடிட் கார்டை 2022 முதல் யு.பி.ஐ.யிலேயே இணைக்கலாம். சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை. ஆனால் நம் கடைகளில் கண்ணாடியில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் முதலாளியின் சொந்தக் கணக்கு கியூ.ஆர். அதில் கிரெடிட் கார்டு ஏறாது. வணிகருக்கான கியூ.ஆர். வாங்கி ஒட்ட வேண்டும்.

சிலர் கமிஷனை வாங்குகிறவர் தலையில் கட்டுகிறார்கள். "கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் சேத்துக் குடுங்க." டெபிட் கார்டுக்கு அப்படி வாங்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. கிரெடிட் கார்டுக்கு, வங்கியோடு நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தமே பொதுவாக அதைத் தடுக்கிறது. புகார் போனால் மெஷினைப் பிடுங்கிவிடலாம்.

வரி பயம் 2025 ஜூலைக்குப் பிறகு கூடியிருக்கிறது. கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவை வைத்து நோட்டீஸ் அனுப்ப, பெங்களூருச் சிறுகடைகள் கியூ.ஆர். அட்டைகளைக் கழற்றின. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜி.எஸ்.டி. பதிவுக்கான வரம்பு மொத்த விற்பனைக்கு: சரக்குக்கு 40 லட்சம், உணவகம் போன்ற சேவைக்கு 20 லட்சம். பணம் எந்த வழியில் வந்தாலும் வரம்பு அதேதான். வருமான வரியிலோ கார்டுக்குச் சலுகையே உண்டு. உத்தேச வருமான முறையில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம் லாபமாகக் காட்ட வேண்டும். வங்கி வழியாக வந்ததற்கு 6 போதும். 30 லட்சத்துக்கு 2,40,000 எங்கே, 1,80,000 எங்கே!

கையைக் கடிப்பது வேறு இடத்தில். மெஷினுக்கு மாத வாடகை, கார்டு வசூல் இத்தனை ரூபாய்க்குக் குறைந்தால் அபராதம், நிறுவும் கட்டணம் என்று விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு ஒரு வங்கி, விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தும், இரண்டு வருடம் 0.90 பிடித்தது. ஜி.எஸ்.டி. கணக்கைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் 0.40 ஆனது. அவர் மாத ஸ்டேட்மென்டைப் படித்ததே இல்லை.

பான் கார்டு, ஆதார், உத்யம் பதிவு, நடப்புக் கணக்கின் ரத்து செய்த காசோலை, பெயர்ப்பலகை தெரியும் கடை போட்டோ: பொதுவாக இவ்வளவுதான் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் ரூபே டெபிட், மற்ற டெபிட், கிரெடிட், வெளிநாட்டுக் கார்டு ஆகிய நான்குக்கும் தனித்தனி சதவீதத்தையும் மாத வாடகையையும் எழுத்தில் வாங்குங்கள், அண்ணாச்சி. ஏற்கெனவே மெஷின் வைத்திருப்பவர்கள் இன்று ராத்திரி கடை கட்டும்போது அதை வெளியே எடுத்துச் சார்ஜ் போடுங்கள்.