தமிழ்ப் பக்கத்தின் பிழை யாருடையது?

சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726ஆம் ஆண்டு கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் தம் பொருள்கொண்டு ஒரு பாலம் கட்டுவித்தார். அதன் நினைவாக நாட்டிய கல்லிலே பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன் என்னும் மும்மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. பாலத்தின்மேல் நாடோறும் சுமைதாங்கி நடந்த மக்களின் மொழியோ அம்மூன்றனுள் ஒன்றன்று. பழம்பாலம் போய், அவ்விடத்துப் புதிய பாலம் இன்று மறைமலையடிகள் பெயர் தாங்கி நிற்கின்றது. கல் மும்மொழி பேசியும் ஊரார்க்கு ஊமையாயிருந்த காலம் கழிந்தது என மகிழலாமோ எனின், மகிழ்தற்கில்லை. அறிவிப்புக் கல்லின் இடத்தை இக்காலத்தில் வலைத்தளம் பெற்றுள்ளது. அதன் தலைப்பில் 'தமிழ்' என்றொரு பொத்தான் உண்டு; அதனை அழுத்தினார்க்குக் கிடைப்பதோ பலகால் தமிழன்று. இதன் காரணமும் தீர்வும் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

எம் தெருவில் வாழும் அம்மையார் ஒருவர், தையல் வேலையால் குடும்பத்தைத் தாங்குபவர், தம் மகளுக்குக் கல்வி உதவித்தொகை வேண்டி ஓர் அறநிலையத்தின் வலைத்தளத்தைக் கண்டார். தமிழ்ப் பக்கத்தில் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 25 என்றிருந்தது. அவர் 12ஆம் நாளே சான்றிதழ்களுடன் எம்மிடம் வந்தார். விண்ணப்பிக்க முயன்றபோது வாயில் அடைபட்டிருந்தது. ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தோம். அதில் கடைசி நாள் 10. "தம்பி, தமிழில் போட்டிருந்ததைத்தானே நம்பினேன்" என்றார் அவர். அறநிலையத்துக்கு எழுதினோம். மொழிபெயர்ப்புப் பொறி அத்தன்மையது. ஆங்கிலப் பக்கமே உறுதியானது என விடை வந்தது. அம்மாணவி அவ்வாண்டின் தொகையை இழந்தாள்.

பிழைக்குப் பொறியைக் காட்டுவாரும், பொறிக்கு ஒவ்வாத மொழி தமிழ் என்று மொழியையே காட்டுவாரும் நம்மிடையே உளர். இரண்டும் பிழைபட்ட கூற்றாம். மருத்துவன் காய்ச்சல் என்னும் பெயரோடு நில்லாது அதன் மூலத்தை நாடுவது போல, பக்கம் எப்படிக் கெட்டது என்று நோக்கின், கேடு எங்கே நேர்ந்தது என்பது தானே புலனாகும்.

முதலாவது, பொத்தானை அழுத்தியும் ஆங்கிலம் அசையாது நிற்றல். வேர்டுபிரஸ் போன்ற அமைப்புக்களில் ஆங்கிலத் தொடரும் அதற்கு நேரான தமிழ்த் தொடரும் இணையிணையாக ஒரு கோப்பில் எழுதப்படுகின்றன. மாந்தர் திருத்தும் கோப்பு ஒன்று; அதிலிருந்து பொறி படித்தற்கென ஆக்கப்படும் கோப்பு பிறிதொன்று. முன்னதைத் திருத்திப் பின்னதை ஆக்க மறப்பின் திருத்தம் தோன்றாது. இந்தியத் தமிழுக்கு ஒரு குறியும் இலங்கைத் தமிழுக்கு வேறொரு குறியும் உள; கோப்பின் பெயரில் குறி மாறினும் பொறி அதனைக் காணாது. காணவில்லை என்று கூவுவதும் இல்லை; வாளா ஆங்கிலத்தையே காட்டிவிடும்.

இரண்டாவது, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய் நிற்றல். பொறி ஆங்கிலத் தொடரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே அதன் இணையைத் தேடுகின்றது. மூலத்தில் ஒரு முற்றுப்புள்ளி கூடினும் இணை அறுந்துபோம். படத்துக்குள் வரைந்த எழுத்தோ கோப்புக்குள் வருவதேயில்லை. தமிழ்ச் சொல்லைத் தேடுங்கால் நேர்வதும் இத்தகையதே. யூனிகோடு முறையில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவ்விரண்டையும் ஒருவடிவாக்கி ஒப்பிடும் முறை யூனிகோடு நெறியில் வகுக்கப்பட்டே உள்ளது. அதனைக் கைக்கொள்ளாத பொறிக்கு அவை வெவ்வேறு சொற்கள்.

மூன்றாவது, எழுத்தே சிதைதல். கட்டங்கட்டமாய்த் தோன்றின் எழுத்து நலமே உள்ளது. அதனைக் காட்டும் எழுத்துருவே இல்லை. பொருளற்ற உரோமன் எழுத்துக்கள் நிரல்நிரலாய்த் தோன்றின், யூனிகோடு எழுத்தை வேறு முறையில் படிக்கின்றார்கள், அல்லது யூனிகோடுக்கு முன் வழங்கிய பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியதை மாற்றாமலே இட்டிருக்கின்றார்கள் என்க. இவ்விரண்டும் மீட்கத்தக்கன. வினாக்குறிகளாகவே தோன்றின் அஞ்சல் வேண்டும். தமிழெழுத்தை ஏலாத தரவுக் களஞ்சியத்தில் இட்டமையால் மூலமே அழிந்தது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். முன்னர் எடுத்துவைத்த படியிருந்தாலன்றி அது மீளாது.

நான்காவது, பொருள் சிதைதல். கூகிள் மொழிபெயர்ப்பு 2011இல் தமிழை ஏற்றது. 2017இல் வாக்கியத்தை முழுமையாக நோக்கும் நரம்பியல் முறையைத் தமிழுக்கும் தந்தது. அதன்பின் வாக்கியங்கள் பெரிதும் திருந்தின. ஆயினும் பொத்தான்மேல் நிற்கும் ஒற்றைச் சொல்லுக்கு முன்பின் ஏது? 'புக்' என்பது நூலோ, முன்பதிவோ? 'ஹோம்' என்பது வீடோ, முகப்போ? பக்கத்தை ஆக்கியோர் சொல்லாததைப் பொறி எவ்வாறு அறியும்? வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை எனத் தாமே மொழிபெயர்த்துக் கொண்டவர் அடிகள். பொறியோ, கேளாமலே ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் மொழிபெயர்த்துவிடல் உண்டு. பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்கற்க எனக் குறியிட்டுவைக்க வழியுண்டு, இடுவாரே அரியர். ஆங்கிலத் தொடரை வெட்டி இடையிலே பெயரைச் செருகும் வழக்கமும் தமிழுக்குக் கேடாகும். நம் வேற்றுமையுருபு பெயரின் பின்னன்றோ வந்து ஒட்டும்? ஆதலின் வெட்டாத முழுத்தொடரையே மொழிபெயர்ப்பாளர் கையில் தருதல் வேண்டும்.

ஐந்தாவதே அவ்வம்மையாரை வீழ்த்தியது. மொழிபெயர்த்த பக்கம் தனியே சேமித்துவைக்கப்படுகின்றது. விரைவின்பொருட்டு அதன் படியொன்று இடைச்சேமிப்பிலும் கிடக்கின்றது. ஆங்கிலத்தில் 25ஐ 10ஆக்கியவர் தமிழைத் தொடவில்லை. பொறி பழைய பக்கத்தையே நேர்மையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தமிழில் ஓரெழுத்துப்பிழையும் இல்லை, இலக்கணவழுவும் இல்லை. மற்றைய நான்கும் கண்ட மாத்திரத்தில் ஐயந்தரும். ஐந்தாவதோ நம்பிக்கை தந்து கெடுக்கும். ஆதலின் அதுவே எல்லாவற்றினும் கொடிது.

ஐந்தனையும் ஒருசேர நோக்குமின். எதில் தமிழின் குறை உள்ளது? கோப்பை ஆக்க மறந்தவர், குறியை மாற்றியிட்டவர், தேதியை ஒருபுறமே திருத்தியவர் ஆகிய அனைவரும் மனிதரே. அவர்தம் மறதி ஆங்கிலப் பக்கத்தில் நேர்ந்திருப்பின் அன்றே கண்டு திருத்தியிருப்பர். தமிழ்ப் பக்கத்தை வெளியிட்டவர் படிப்பதில்லை. படிக்க வேண்டியவர்க்கோ குறைகூறும் வழி தெரிவதில்லை. நோயின் மூலம் இதுவே.

இது கணிப்பொறியாளர் வேலை. இலக்கியம் பயிலும் நமக்கென்ன என்று எம் வகுப்பினர் சிலர் கூறுவர். சீகன்பால்கு ஐயரும் அவர்தம் துணைவரும் அவ்வாறு கருதினாரில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தரங்கம்பாடிக்கு வந்த தமிழெழுத்துக்கள் உருவிற் பெரியனவாய்த் தாளை மிகுதியும் உண்டமையின், சிறிய எழுத்துக்களைப் பொறையாற்றிலேயே வார்ப்பித்தனர். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் நிறைவுற்றது. மொழிபெயர்த்தவரே எழுத்தையும் தாளையும் எண்ணினர். நாம் கோப்பையும் குறியையும் எண்ணுதல் இழிவாமோ?

பொறி தானே நாளடைவில் திருந்தும் என்பார்க்கும் ஒன்று கூறுவோம். பொறி எத்துணைத் திருந்தினும், பழைய பக்கத்தைக் காட்டென்றால் பழைய பக்கத்தையே காட்டும்.

ஆதலின் எம் கருத்து இது. கல்லூரியாயினும் அறநிலையமாயினும், தமிழ்ப் பொத்தான் வைத்தவர் தமிழ்ப் பக்கத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்குக. ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்தின் அடியிலும் அது திருத்தப்பட்ட நாளை அச்சிடுக. மூலம் மாறித் தமிழ் மாறாதிருப்பின், 'இப்பக்கம் பழையது' எனப் பக்கத்தின் தலையிலே எழுதுக. நாளும் தொகையும் இரு பக்கத்துக்கும் ஒரே இடத்திலிருந்து வருமாறு அமைக்க. இத்துணையும் செய்ய இயலாதவர் அப்பொத்தானை எடுத்துவிடுக. பொய் வாயிலினும் சுவர் நன்று.

நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. நம் கல்லூரித் தளத்தின் தமிழ்ப் பக்கங்களை மாதம் ஒருமுறை மாணாக்கர் இருவர் ஆங்கிலத்தோடு ஒப்புநோக்கிப் படிக்கலாம். சுவடியோடு சுவடி ஒப்பிட்டுப் பாடபேதம் காணக் கற்றுக்கொண்டிருக்கும் நமக்கு இது புதுக்கலையன்று. முதற்கண் நாளையும் எண்ணையும் நோக்குக. சொல்லழகைப் பின்னர்க் காண்போம். அவ்வம்மையாரின் மகள் வரும் ஆண்டில் மீண்டும் விண்ணப்பிப்பாள். அன்று அவள் தாய் தமிழிலேயே படித்து, படித்ததை நம்பி நடத்தல் வேண்டும்.