சங்குக் கடைக்கும் இடம் வேண்டும்!

ஒரே கட்டடம். உள்ளே துணிக்கடை, செருப்புக்கடை, சாப்பாட்டுக்கடை, சினிமா! இதைத்தான் ‘மால்’ என்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டின் தலைநகரம் அக்ரா. அங்கே 2008-ம் ஆண்டில் ‘அக்ரா மால்’ திறக்கப்பட்டது. அதே ஊரில் மகோலா என்ற பழைய சந்தையும் இருக்கிறது. வியாபாரம் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். விலைவாசி ஏற்றத்துக்கு இவர்களே காரணம் என்று பழி சுமத்தி, 1979-ம் ஆண்டில் ராணுவ ஆட்சியினர் அந்தச் சந்தையை இடித்துத் தள்ளினார்கள். சந்தை செத்துவிட்டதா? இல்லை! இன்றும் மகோலாவில் கூட்டம் அலைமோதுகிறது.

இதில் இராமேசுவரத்துக்கும் ஒரு பாடம் உண்டு.

இராமநாதசாமி கோயிலைச் சுற்றியுள்ள கடைத்தெருவும் ஒரு மால்தான். கூரைதான் இல்லை! சங்கு, சிப்பி மாலை, ருத்திராட்சம், பனை ஓலைப் பெட்டி எல்லாம் அங்கே கிடைக்கும். சிப்பியைக் கழுவ ஒருவர், கோக்க ஒருவர், விற்க ஒருவர் என்று பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

பாம்பனில் 1914-ல் ரயில் பாலம் வந்தது. 1988-ல் சாலைப் பாலம் வந்தது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் திறக்கப்பட்டது. பாதை பெருகினால் கூட்டம் பெருகும். கூட்டம் பெருகினால் பெரிய முதலாளிகளும் வருவார்கள். வரட்டும்! அவர்களிடம் கற்க வேண்டியதும் உண்டு. பொருளில் விலைச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு விலை கூடாது. குழந்தைகளோடு வருபவர்கள் உட்கார நிழலும், சுத்தமான கழிப்பிடமும் வேண்டும்.

ஆனால், பெரிய கட்டடம் எது எழுந்தாலும், அதன் தரைத்தளத்தில் சங்கு வியாபாரிக்கும், ஓலைப் பெட்டி முடையும் பெண்ணுக்கும் குறைந்த வாடகையில் இடம் ஒதுக்க வேண்டும்.

முதலாளிக்கு இதனால் நஷ்டமா? இல்லை. காசியிலிருந்து வருபவர் சட்டை வாங்கவா இராமேசுவரம் வருகிறார்? சட்டை அவர் ஊரிலேயே கிடைக்கும். அவர் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புவது ஒரு சங்கு, ஒரு சிப்பி மாலை. அது இருக்கும் கடைக்குத்தான் அவர் வருவார்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. ரயில் நிலையம் போயிற்று, கடைகளும் போயின. இன்று அந்த இடிபாடுகளின் அருகே கடை போட்டிருப்பவர் யார்? பெரிய கம்பெனியா? சிப்பி மாலை விற்கும் ஏழைகள் அல்லவா!

யாரும் வராத இடத்திலும் கடை விரித்தவர்களுக்கு, கூட்டம் வரும்போது இடம் இல்லை என்பது நியாயமா?