புகை இல்லைன்னா ஆபத்து இல்லையா?

1/ ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு ரூமுக்குள்ள கரி அடுப்பு வச்சுட்டுத் தூங்குறீங்களா? கார் ஷெட்டை மூடிட்டு கேஸ் ஹீட்டரா? "புகையே இல்லையே டாக்டர்"னு சொல்லாதீங்க.

2/ கொல்வது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும்.

3/ தலைவலி, குமட்டல், மயக்கம். களைப்புன்னு படுத்துடுவீங்க. விரல்ல மாட்டுற ஆக்சிமீட்டர் அப்பவும் நார்மல்னுதான் காட்டும். ஆளை வெளியே தூக்கிட்டு வந்து 108-க்கு போன் பண்ணுங்க.

4/ ஜன்னலை லேசா திறந்தா போதாது. கனல் இருக்கும் வரை வாயு வரும்.

5/ கரன்ட்டில் ஓடும் ஆயில் ஹீட்டர் வாங்குங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், நேரா 16 ஆம்பியர் பிளக்.

6/ ரூம் வாடகைக்கு விடுறவங்களே, கரி அடுப்பு கொடுப்பது உபசாரம் இல்லை. இன்னொரு கம்பளி கொடுங்க.