வறண்ட கிணறு கணக்கில் இல்லை

சங்ககிரி, திருச்செங்கோடு, எடப்பாடி வட்டாரங்களில் ஆயிரம் அடிக்குப் போர் ஓட்டுவது இன்று யாருக்கும் புதிய செய்தி அல்ல. அதே காலத்தில், தென்னிந்தியாவின் நிலத்தடி நீர் மீண்டு வருகிறது என்று செயற்கைக்கோள் தரவுகளும் கண்காணிப்புக் கிணறுகளின் தரவுகளும் சொல்லி வந்திருக்கின்றன. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. இந்த முரணுக்கு அறிவியல் விடை கண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. அந்த விடைக்கு ஏற்ப நிர்வாகம் தன் கணக்கைத் திருத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

2002-இல் விண்ணில் ஏவப்பட்ட கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள், புவியீர்ப்பில் நேரும் நுண்ணிய மாற்றங்களைக் கொண்டு நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தைக் கணிக்க வழி செய்தன. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியாணா பகுதி 2002 முதல் 2008 வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தது என்று 2009-இல் வெளியான ஆய்வு நாட்டையே உலுக்கியது. 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, வடக்கில் நீர்மட்டம் சரிகிறது, தெற்கில் உயர்கிறது என்றது. தெற்கு நிம்மதி அடைந்தது. ஆனால் கிரேஸ் பார்த்தது பல மாநிலங்களை ஒன்றாக அடக்கும் பரப்பு. ஒரு மாவட்டத்தைத் தனியே பிரித்துப் பார்க்கும் கண் அதற்கு இருக்கவில்லை. அது அளக்கத் தொடங்கிய 2002, நாடெங்கும் பருவமழை பொய்த்த ஆண்டு என்பதும் கவனத்துக்கு உரியது. பள்ளத்திலிருந்து தொடங்கும் கோடு மேலேறுவதில் வியப்பில்லை.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகமும் பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த நிம்மதியின் அடித்தளத்தையே கேள்வி கேட்டது. கண்காணிப்புக் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் அளக்கப்படுகிறது. கிணறு வற்றிவிட்டால் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. ஏட்டில் அந்த இடம் காலியாகிறது. காலி இடங்கள் பெருகினால், தரவு முழுமையற்றது என்று அந்தக் கிணறே பகுப்பாய்விலிருந்து விலக்கப்படுகிறது. எஞ்சுபவை தண்ணீர் உள்ள கிணறுகள் மட்டுமே. அவற்றின் சராசரி நன்றாகத்தான் இருக்கும். விடுபட்ட கிணறுகளையும் சேர்த்துப் பார்த்தபோது மீட்சி என்ற தோற்றம் கலைந்தது. தோற்கக்கூடிய மாணவரைத் தேர்வுக்கு முன்பே வெளியேற்றிவிட்டு நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டும் பள்ளியின் கணக்குக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

வறண்ட கிணறு கணக்கில் இல்லை. இந்த ஆபத்து சங்ககிரிக்கு மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம், காலடியில் இருக்கும் பாறை.

தமிழகப் பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு கடினப் பாறை. அதில் ஒரு பகுதிக்குச் சங்ககிரி–திருச்செங்கோடு கருங்கல் என்றே புவியியலாளர்கள் பெயரிட்டிருக்கிறார்கள். இந்தப் பாறைக்குத் தண்ணீரைத் தேக்கும் ஆற்றல் மிகக் குறைவு. நாட்டின் 1997 நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறைப்படி, மணற்பாங்கான வண்டல் படுகையின் நூறு கன அடியிலிருந்து 16 கன அடி நீர் கிடைக்கும். உதிர்ந்த கருங்கல்லில் கிடைப்பது 1.5 முதல் 3 கன அடி. பெய்யும் மழையில் இந்த உதிர்பாறைக்குள் இறங்குவது நூற்றுக்கு 8 முதல் 11 பங்கு. வெடிப்பு அதிகம் இல்லாத முழுப்பாறையாக இருந்தால் 1 பங்கு. பஞ்சாபின் படுகை ஆண்டாண்டாக உறிஞ்சியும் தாக்குப்பிடிக்கிறது. இங்கே இரண்டு மழை பொய்த்தால் கிணற்றின் அடித்தளம் தெரிந்துவிடும். நல்ல மழை பெய்தால் அதே வேகத்தில் நீர் ஏறும். இந்த ஏற்றத்தைத்தான் மீட்சி என்று பலரும் வாசிக்கிறார்கள்.

உதிர்பாறைக்குக் கீழே இருப்பவை வெடிப்புகள் மட்டுமே. ஆழம் கூடக் கூட, மேலிருக்கும் பாறையின் எடையால் அவை இறுகுகின்றன, எண்ணிக்கையிலும் குறைகின்றன. ஆயிரம் அடியில் கிடைக்கும் நீர் பெரும்பாலும் மேலிருந்து வெடிப்புகள் வழியே கசிந்து இறங்கியதுதான். அது கீழே காத்திருக்கும் தனிக் களஞ்சியம் அல்ல. ஆழமான போர் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றின் நீரைப் புதிதாகக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது, அவ்வளவே.

ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர் திருச்செங்கோடு. பல மாநிலங்களின் பாறையைத் துளைத்த அனுபவம் இந்த வட்டாரத்துத் தொழிலாளர்களிடம் இருக்கிறது. எந்த ஊரில் எத்தனை அடியில் ஈரம் தென்பட்டது, எங்கே புகை மட்டுமே வந்தது என்பது அவர்களுக்குத் தெரியும். நாட்டில் வேறெங்கும் இல்லாத நிலத்தடித் தரவு அது. அதை ஊர்வாரியாகப் பெற்றுத் தொகுக்கும் ஏற்பாடு இல்லாதது அறிவியலுக்கும் நிர்வாகத்துக்கும் ஒருசேர இழப்பு. தண்ணீர் வராத போருக்கான கடனை விவசாயி சுமக்கிறார். அவர் பெற்ற அறிவு அந்தத் துளையோடு மூடப்படுகிறது.

அளக்கும் இடமும் தவறு. கண்காணிப்பில் உள்ள கிணறுகளில் பெரும்பகுதி ஆழம் குறைந்தவை. அவை உதிர்பாறை மண்டலத்தின் நிலையைச் சொல்பவை. இந்த வட்டாரத்தின் பாசனம் எப்போதோ அந்த மண்டலத்தைவிட்டுக் கீழே போய்விட்டது. மேலே அளந்துகொண்டு கீழே இறைக்கிறோம்.

இவ்வளவு குறைபாடுகளைத் தாண்டியும் மதிப்பீடு தரும் படம் கலக்கம் தருவதே. 2020 மதிப்பீட்டின்படி, தமிழகத்தின் 1,166 பிர்காக்களில் 435 அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டவை. 63 அபாய நிலையிலும் 225 அபாயத்தை நெருங்கும் நிலையிலும் இருந்தன. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பல பிர்காக்கள் இந்தப் பட்டியலில் தொடர்ந்து இடம்பெற்று வருகின்றன. வறண்ட கிணறுகளை உரிய முறையில் சேர்த்திருந்தால் இந்த எண்கள் எங்கே நின்றிருக்கும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

பருவநிலை மாற்றம் இந்தக் கணக்கை மேலும் குலைக்கிறது. 2016 வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில், 2021-இல், அதே பருவமழை இயல்பைவிட 59 விழுக்காடு கூடுதலாகக் கொட்டியது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது தாங்கக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. மழை நாட்கள் குறைந்து, பெய்யும் நாளில் மொத்தமாகக் கொட்டும் போக்கு இனி வலுக்கும் என்றே அறிவியல் எச்சரிக்கிறது.

இதில் இந்த வட்டாரத்துக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. வட இந்தியாவில் மெல்லப் பெய்யும் மழையும், தென்னிந்தியாவில் கனமழையும் நிலத்தடி நீரை அதிகம் சேர்க்கின்றன என்று காந்திநகர் ஐஐடி ஆய்வாளர்கள் பங்கேற்ற 2018 ஆய்வு காட்டியது. பாறை நிலத்தில் தூறல் ஆவியாகிவிடும். பெருமழைதான் வெடிப்புவரை இறங்கும். ஆனால் பாறைச் சரிவில் ஓடும் வெள்ளத்தை நிறுத்தினால்தான் அது இறங்கும். நிறுத்துபவை ஏரியும் குட்டையும் தடுப்பணையும். ஏரி என்பது மதகு வழியே பாயும் பாசன நீர் மட்டும் அல்ல. கீழ்ப்புறத்துக் கிணறுகள் அனைத்துக்கும் அதுவே ஊற்று. நீர்வரத்து வாய்க்கால் அடைபட்ட ஏரிக்குப் பெருமழையால் பயனில்லை. அந்த மழை சரபங்கா வழியாகவும் திருமணிமுத்தாறு வழியாகவும் காவிரிக்குப் போய்விடும்.

மேட்டூர் அணையின் உபரிநீரைச் சேலம் மாவட்டத்தின் 100 ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் சரபங்கா நீரேற்றுத் திட்டத்தின் முதல் கட்டம் 2021-இல் தொடங்கிவைக்கப்பட்டது. அப்போதைய திட்ட மதிப்பு 565 கோடி ரூபாய். வறண்ட ஏரிகளுக்கு நீர் வருவது வரவேற்கத் தக்கதே. ஆனால் அது உபரிநீர். அணை நிரம்பாத ஆண்டில், அதாவது ஏரிகளுக்கு நீர் மிகவும் தேவைப்படும் ஆண்டில், திட்டம் தரக்கூடியது ஒன்றும் இல்லை. தங்களுக்கு வரும் நீர் குறையும் என்று டெல்டா விவசாயிகள் எழுப்பும் ஆட்சேபமும் புறந்தள்ளத் தக்கது அல்ல. குழாய் வழியே வரும் காவிரி நீர், ஏரியின் சொந்த வாய்க்காலைத் தூர்வாரும் கடமைக்கு மாற்றாகாது.

ஆழம் கூடுவதில் உடல்நலக் கேடும் இருக்கிறது. கருங்கல்லோடு நெடுநாள் உறவாடிய நீரில் புளோரைடு சேர்கிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லும் எலும்பும் பாதிக்கப்படலாம். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு இது பழகிய சிக்கல். போரின் ஆழத்தைப் பதிவு செய்யாத ஊரில் இந்த ஆபத்தை முன்கூட்டி அறிய வழியில்லை.

சட்டத்தின் கதை சுருக்கமானது. தமிழகத்தில் 2003-இல் நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. முழுமையாக நடைமுறைக்கு வராமலே 2013-இல் அது நீக்கப்பட்டது. இதற்கிடையே, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் விழுந்து இறப்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம் 2010-இல் நெறிமுறைகளை வகுத்தது. போர் போடுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே தகவல் தர வேண்டும். துளையிடும் நிறுவனங்கள் பதிவு பெற வேண்டும். பயன்பாட்டில் உள்ளவை எத்தனை, கைவிடப்பட்டவை எத்தனை என்ற ஊர்வாரிப் பட்டியல் மாவட்ட அளவில் இருக்க வேண்டும். இவை அந்த நெறிமுறைகளின் பகுதி. ஊராட்சிகளுக்கான விதிகள் 2015-இல் வந்தன. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை கைவிடப்பட்ட போரில் விழுந்து இறந்தபோது, விதி ஏட்டில் இருப்பதும் களத்தில் இருப்பதும் வேறு என்பதை நாடு பார்த்தது.

குழந்தைகளின் உயிரைக் காக்க நீதிமன்றம் கேட்ட பட்டியலும், நிலத்தடி நீரைக் காக்க அறிவியல் கேட்கும் பட்டியலும் ஒன்றே. அதைத் தயாரிக்கப் புதிய சட்டம் தேவையில்லை. மாவட்ட நிர்வாகமும் ஊராட்சி அமைப்புகளும் பொறுப்பேற்றால் போதும். நிலத்தடி நீரை மதிப்பிடும் துறைகள், வற்றிய கிணற்றை விடுபட்ட தரவாகக் கருதாமல் வறட்சியின் தரவாகப் பதிவு செய்ய வேண்டும். ஆழ்மண்டலத்தை அளக்கத் தனிக் கண்காணிப்புப் போர்களை அமைக்க வேண்டும். நீர்வளத்துறை, ஏரிகளின் வரத்து வாய்க்கால்களை அடுத்த வடகிழக்குப் பருவத்துக்கு முன் மீட்க வேண்டும்.

இலவச மின்சாரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். அது பல போராட்டங்களுக்குப் பின் விவசாயி பெற்ற உரிமை. அதைப் பறிக்கச் சொல்வது இந்தத் தலையங்கத்தின் நோக்கம் அல்ல. ஆனால் எவ்வளவு இறைக்கப்படுகிறது என்று அளக்காமலே எந்த மதிப்பீடும் முழுமை பெறாது. கட்டணம் வசூலிப்பது வேறு, அளவைப் பதிவு செய்வது வேறு என்ற உறுதியை அரசு எழுத்தில் தந்தால், விவசாயிகளும் ஒத்துழைக்கத் தயங்க வேண்டியதில்லை. இழப்பு முதலில் அவர்களுடையது.

அடுத்த நிலத்தடி நீர் மதிப்பீடு வெளியாகும்போது, எத்தனை கிணறுகள் வற்றின, எத்தனை போர்கள் கைவிடப்பட்டன, எத்தனை அடியில் நீர் கிடைத்தது என்ற விவரம் ஊர்வாரியாக அதில் இருக்க வேண்டும். அந்த விவரம் இல்லாமல் வரும் எந்த மீட்சிக் கணக்கையும் சங்ககிரி வட்டார மக்கள் தங்கள் கிராம சபைகளில் ஏற்க மறுக்க வேண்டும்.