ஸியாட்டில் நகரத்தின் ஆட்டக்களம்

அமெரிக்காவில் எந்த நகரத்தில் புதிய ஸ்டேடியம் கட்டும் பிரஸ்தாபம் எழுந்தாலும் ஒரு கேள்வி கூடவே எழுகிறது. சம்பளத்துக்கு ஆடும் புட்பால் கோஷ்டிக்கும், சம்பளத்துக்கு ஆடும் ஸாக்கர் கோஷ்டிக்கும் அந்த ஒரே களம் போதுமா என்பதே அது. வாஷிங்டன் ராஜ்யத்திலுள்ள ஸியாட்டில் நகரம் இக்கேள்விக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே விடை தேடியது. தன் கைப்பணத்தைக் கொண்டல்ல, அந்த ராஜ்யத்து ஜனங்கள் அனைவரின் பணத்தையும் கொண்டு தேடியது. கிடைத்த விடையில் பாதி சரி, பாதி பிசகு என்பது நமது அபிப்பிராயம்.

நம் நேயர்களுக்கு முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நாம் கால்பந்து என்று சொல்வதை அமெரிக்கர் ஸாக்கர் என்கின்றனர். அவர்கள் புட்பால் என்று சொல்வதோ பெரும்பாலும் கையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். காலுக்கு அங்கே அற்ப வேலைதான்! புட்பால் களத்துக்கு நீளம் 120 கஜம், அகலம் 160 அடி, அதாவது 53 கஜத்துக்குச் சற்று அதிகம். உலகக் கோப்பை ஸாக்கர் களத்துக்கு நீளம் ஏறக்குறைய 115 கஜம், அகலம் 74 கஜம். ஆகவே நீளத்தில் சண்டையில்லை. அகலத்தில்தான் இருபது கஜம் துண்டு விழுகிறது. புட்பாலை மட்டும் மனத்தில் வைத்துப் படிக்கட்டுகளைக் களத்தை ஒட்டிக் கட்டிவிட்டால், பின்னர் ஸாக்கருக்கு இடமில்லை. அதை ஆரம்பத்திலேயே நினைத்துக் கட்டினால் இடமுண்டு. இது மேஸ்திரிக்கும் தெரிந்த சங்கதி.

ஸியாட்டிலில் முன்னர் ‘கிங்டோம்’ என்ற கான்கிரீட் கூரை மண்டபம் இருந்தது. 1976-ல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில், பிரேஸில் வீரர் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் கோஷ்டியுடன் உள்ளூர் சவுண்டர்ஸ் கோஷ்டி அங்கே ஆடியபோது 58,000 பேருக்கு மேல் கூடினர். ஸாக்கருக்கு அந்நகரத்தில் ஆதரவில்லை என்று பின்னாளில் சொன்னவர்கள் இந்த எண்ணிக்கையை வசதியாக மறந்தனர். அதே மண்டபத்தில் பேஸ்பால், புட்பால், கூடைப்பந்து எல்லாம் நடந்தன. எல்லா ஆட்டங்களுக்கும் என்று கட்டியதால் எந்த ஆட்டத்துக்கும் அது செவ்வையாகப் பொருந்தவில்லை. 1994 ஜூலையில் கூரையின் உட்புறத்து ஓடுகள் சில பெயர்ந்து ஆசனங்களின்மேல் விழுந்தன. நல்ல வேளையாக அப்போது ஜனங்கள் உள்ளே வரவில்லை.

1996-ல் ஸீஹாக்ஸ் புட்பால் கோஷ்டியின் அந்நாளைய சொந்தக்காரர் கோஷ்டியைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோக முயன்றார். மைக்ரோஸாப்ட் கம்பெனியை ஸ்தாபித்த இருவரில் ஒருவரான மிஸ்டர் பால் ஆலன் கோஷ்டியை வாங்க முன்வந்தார். ஆனால் புதிய ஸ்டேடியம் கிடைத்தால்தான் வாங்குவேன் என்று நிபந்தனை போட்டார். கோடீசுவரர் ஒருவர் ஊருக்கு உபகாரம் செய்ய வரும்போது கையில் திருவோட்டையும் ஏந்தி வருவது முதலாளித்துவத்தின் விசித்திரங்களில் ஒன்று. இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். விஷயம் ரகசியமாக முடியவில்லை. ராஜ்யம் முழுவதும் பொதுஜன வோட்டு எடுக்கப்பட்டது. அந்தத் தேர்தலின் செலவை மிஸ்டர் ஆலனே ஏற்றார். பயனடையப் போகிறவரே தேர்தலுக்கும் பணம் கொடுப்பது யோக்கியமா என்று அப்போதே சிலர் கேட்டது நியாயமே. 1997 ஜூன் 17-ந் தேதி நடந்த வோட்டில் நூற்றுக்கு ஐம்பத்தொருவர் ‘ஆம்’ என்றனர். மொத்தச் செலவு 43 கோடி டாலர். அதில் ஜனங்களின் பங்கு 30 கோடி. ஆலனுடைய பங்கு 13 கோடி. விற்பனை வரி, ஹோட்டல் வரி, டிக்கெட் வரி, வண்டி நிறுத்தும் வரி, லாட்டரி என்று பல வழிகளில் ஜனங்களின் பங்கு திரட்டப்பட்டது.

இவ்வளவு சிறு வித்தியாசத்தில் நிறைவேறிய தீர்மானத்தில் ஒவ்வொரு கூட்டத்தாரின் வோட்டும் விலையுள்ளது. ஸாக்கர் அன்பர்கள், சிறுவர் கோஷ்டிகளின் பெற்றோர் உட்பட, இத்தீர்மானத்துக்காக வீடு வீடாக உழைத்தனர். அவர்கள் சும்மா உழைக்கவில்லை. ஸ்டேடியம் என்பதற்குச் சட்டம் கூறிய இலக்கணத்திலேயே, அது தேசிய லீக் புட்பாலுக்கும், ஒலிம்பிக் ஸாக்கருக்கும், உலகக் கோப்பை ஸாக்கருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. ஆகவே ஸாக்கர் அக்களத்தில் விருந்தாளியாக நுழையவில்லை, பாத்தியஸ்தனாக நுழைந்தது.

இதற்கிடையில் பழைய மண்டபம் 2000 மார்ச் 26-ந் தேதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இருபத்துநான்கு வயதுகூட நிரம்பாத கட்டடம். சில விநாடிகளில் புழுதியாயிற்று. ஆனால் அதன்மேல் வாங்கியிருந்த கடன் புழுதியாகவில்லை! 2015 வரையில் அக்கடனை வரிகொடுப்போர் தீர்த்துக்கொண்டிருந்தனர். இல்லாத கட்டடத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் தவணை கட்டிய ஜனங்கள் அவர்கள். புதிய ஸ்டேடியத்தைப் பற்றி எவர் பேச வந்தாலும் இக்கணக்கை முதலில் சிலேட்டில் எழுதி வைத்துக்கொண்டு பேச வேண்டும் என்பது நமது கோரிக்கை.

புதிய களம் 2002 ஜூலையில் திறந்தது. முதலில் நடந்த ஆட்டமே ஸாக்கர்தான். சவுண்டர்ஸ் கோஷ்டி அப்போது இரண்டாந்தர லீகில் ஆடிக்கொண்டிருந்தது. 1996-ல் ஆரம்பமான மேஜர் லீக் ஸாக்கரில் ஸியாட்டிலுக்கு இடம் கிடைப்பதற்கு 2009 ஆயிற்று. ஏழு ஆண்டுகள் தாமதம். ஆனால் கிடைத்தபின் நடந்தது எல்லாருடைய ஜோஸ்யத்தையும் பொய்யாக்கியது. முதல் ஆண்டிலேயே ஒரு ஆட்டத்துக்குச் சராசரி முப்பதினாயிரம் பேர் வந்தனர். பிந்திய சில ஆண்டுகளில் சராசரி நாற்பதினாயிரத்தையும் தாண்டிற்று. 2019 நவம்பரில் லீக் கோப்பைக்காக டொரண்டோ கோஷ்டியுடன் நடந்த இறுதி ஆட்டத்தை 69,274 பேர் பார்த்தனர். 2022 மே மாதத்தில் மெக்ஸிகோவின் பூமாஸ் கோஷ்டியை 3–0 என்று தோற்கடித்து, வடஅமெரிக்கக் கண்டத்துச் சாம்பியன் கோப்பையைச் சவுண்டர்ஸ் பெற்றது. மேஜர் லீகிலிருந்து அப்போட்டியின் இன்றைய அமைப்பில் வென்ற முதல் கோஷ்டி அதுவே. ஆக, ஒரு நகரத்தின் ஒரே களம் இரண்டு ஆட்டங்களையும் தாங்குமா என்றால், தாங்கும். அதில் சந்தேகத்துக்கு இனி இடமில்லை. பாஸ்டனுக்கு அருகிலுள்ள பாக்ஸ்பரோவில் 2002 முதலும், அட்லாண்டாவில் 2017 முதலும் இவ்வாறே நடக்கிறது.

பிசகு எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். தரையில் இருக்கிறது.

ஆரம்பத்தில் களத்துக்கு இயற்கைப் புல் போடுவதாகத்தான் திட்டம். பழைய மண்டபம் இடிக்கப்பட்டபின் ஸீஹாக்ஸ் கோஷ்டி 2000, 2001 ஆண்டுகளில் சர்வகலாசாலை மைதானத்தில் செயற்கைப் புல்லின்மேல் ஆடிற்று. அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. உடனே புதிய களத்துக்கும் செயற்கைப் புல்லே விரிக்கப்பட்டது. ஆண்களின் உலகக் கோப்பை ஆட்டங்களோ இயற்கைப் புல்லில்தான் நடக்க வேண்டும் என்பது சர்வதேச ஸாக்கர் சம்மேளனத்தின் விதி. உலகக் கோப்பைக்கு ஏற்ற களம் என்று சட்டம் சொல்கிறது. ஏற்காத தரையை விரிக்கிறார்கள். வோட்டுக் கேட்கும்போது ஒரு பேச்சு, சாவி கைக்கு வந்தபின் ஒரு பேச்சு என்று இதைச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

எதிர்க்கக்ஷியாரின் வாதத்தையும் கவனிப்போம். ஸியாட்டிலில் மாரிக்காலம் நீண்டது. இலையுதிர் காலத்தில் இரண்டு கோஷ்டிகளும் ஒரே மாதங்களில் ஆடுகின்றன. 2022 முதல் ரெயின் என்ற பெண்கள் கோஷ்டியும் அக்களத்திலேயே ஆடுகிறது. நடுவே சங்கீதக் கச்சேரிகள் வேறு. இயற்கைப் புல் இவ்வளவையும் தாங்காமல் சேறாகிவிடும் என்கின்றனர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இதற்குப் பரிகாரமே கிடையாது என்பதை நாம் ஏற்க மாட்டோம். அரிஸோனாவில் 2006-ல் திறந்த ஸ்டேடியத்தில் புல்தரை முழுவதும் பெரிய தட்டில் வைத்து வெளியே வெயிலுக்கு உருட்டப்படுகிறது. லண்டனில் டாட்டன்ஹாம் கோஷ்டி 2019-ல் திறந்த ஸ்டேடியத்தில் ஸாக்கர் புல்தரை மூன்று துண்டுகளாகப் பிரிந்து ஆசனங்களின் அடியில் நகர்ந்துவிடுகிறது. அதன் கீழே அமெரிக்கப் புட்பாலுக்கென்று வேறு தரை தயாராக இருக்கிறது. ஆகவே விஷயம் இயற்கையின் சாபமன்று, செலவுக் கணக்கு. செலவைக் கருதி வேண்டாம் என்று முடிவு செய்வதானால், செலவில் பெரும்பங்கு கொடுத்தவர்களைக் கேட்டல்லவா முடிவு செய்திருக்க வேண்டும்?

செயற்கைப் புல் புட்பால் ஆட்டக்காரர்களின் விருப்பம் என்று சொல்வதும் இன்று செல்லாது. கூலிக்கு ஆடும் அந்த ஆட்டக்காரர்களின் சங்கமே, கால் முட்டியும் கணுக்காலும் கெடுகின்றன என்று கூறி, எல்லாக் களங்களிலும் இயற்கைப் புல் வேண்டுமென்று 2022-ல் பகிரங்கமாகக் கேட்டது. ஆக, இரு ஆட்டங்களின் தொழிலாளரும் ஒரு பக்கம். களத்தை நடத்தும் கம்பெனி மறுபக்கம். ஸாக்கருக்கும் புட்பாலுக்கும் தகராறு என்று பத்திரிகைகள் எழுதுவது பெரும்பாலும் வீண் கற்பனை.

2025 ஜூனில் நடந்ததைப் பாருங்கள். உலகக் கிளப் கோப்பையின் ஆறு ஆட்டங்கள் ஸியாட்டிலுக்குக் கிடைத்தன. சம்மேளனம் விதியைக் காட்டியதும் இயற்கைப் புல் வந்து இறங்கிற்று. பாரிஸிலிருந்தும் மாட்ரிடிலிருந்தும் வந்த கோஷ்டிகள் அதன்மேல் ஆடின. ஆட்டங்கள் முடிந்தன, புல்லும் போயிற்று. அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் பழையபடி செயற்கை விரிப்புத்தான். 2026 உலகக் கோப்பைக்கு ஒதுக்கப்பட்ட ஆறு ஆட்டங்களுக்கும் இதே ஏற்பாடு. அந்நியர் வரும் நாளில் நடுவீட்டில் ரத்தினக் கம்பளம், வீட்டாருக்குப் பழம்பாய் என்பதுபோல் இருக்கிறது இந்த உபசாரம்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறோம். புட்பால் லீகில் ஒரு கோஷ்டி தன் சொந்தக் களத்தில் வருஷத்துக்கு எட்டு அல்லது ஒன்பது லீக் ஆட்டங்கள் ஆடுகிறது. ஸாக்கர் லீகில் பதினேழு. களத்தை இருமடங்கு உபயோகிப்பவனுக்குத் தரையைப் பற்றி வாய்திறக்க அதிகாரமில்லை. ஸ்டேடியத்தின் சொந்தக்காரர் ராஜ்யத்தின் பொது ஸ்டேடிய அதிகார சபை. ஆனால் களத்தை நடத்துவது ஆலன் ஏற்படுத்திய ‘பர்ஸ்ட் அண்ட் கோல்’ கம்பெனி. பெயர்ப்பலகையோ, டெலிபோன் கம்பெனிகளுக்கு விற்கப்பட்டு, இதுவரை நான்கு முறை எழுதப்பட்டுவிட்டது. முப்பது கோடி கொடுத்தவர்களின் பெயர் மட்டும் எந்தப் பலகையிலும் ஏறவில்லை!

அச்சட்டத்தில் வேறொரு ஷரத்து இருந்ததை இங்கே நினைவூட்டுகிறோம். 2024 மே மாதத்துக்கு முன் ஸீஹாக்ஸ் கோஷ்டியை விற்றால், விலையில் நூற்றுக்குப் பத்து ராஜ்யத்துக்குச் சேர வேண்டும் என்பது அது. 2018-ல் மிஸ்டர் ஆலன் காலமானார். அதற்குப் பின்னும் அக்கெடு கழியும்வரை கோஷ்டி விற்கப்படவேயில்லை. எண்ணும் தேதியும் போட்டு எழுதிய ஷரத்து ஆலன் குடும்பத்தார் முன்பும் செல்லுபடியாயிற்று. ‘ஏற்றது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிய ஷரத்து காற்றில் போயிற்று. ஸியாட்டில் வக்கீல்களும் சட்டசபை அங்கத்தினர்களும் செய்த தவறு இதுவே. தரை எது, அகலம் எத்தனை கஜம், இரு கோஷ்டிகளின் தேதிகள் மோதினால் எவனுக்கு முதல் உரிமை, தரையை மாற்றுவதற்கு யாருடைய சம்மதம் வேண்டும் என்பவற்றை அவர்கள் வோட்டுக்கு முன்பே கறாராக எழுதியிருக்க வேண்டும்.

இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. செயற்கைப் புல் நிரந்தரமானதன்று. சில வருஷங்களுக்கு ஒருமுறை தேய்ந்து, புதிதாக விரிக்க வேண்டியதாகிறது. மேஜர் லீக் ஸாக்கரும் 2027 ஜூலை முதல் தன் ஆட்டப் பருவத்தை மாற்றப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. ஆகவே எப்படியும் இரு கோஷ்டிகளின் தேதிப் பட்டியலையும் மறுபடி உட்கார்ந்து பேசியாக வேண்டும். அந்தப் பேச்சைக் கம்பெனியின் அறைக்குள் நடத்தாமல், பொது ஸ்டேடிய அதிகார சபை பகிரங்கக் கூட்டம் கூட்டி நடத்த வேண்டும். அடுத்த விரிப்புக்கு ஆர்டர் கொடுக்குமுன் 1997-ம் வருஷத்துச் சட்டத்தின் அந்த வாக்கியத்தை அக்கூட்டத்தில் உரக்க வாசிக்கட்டும். இரு கோஷ்டிகளின் ஆட்டக்காரர்களையும் அழைத்துச் சாட்சியம் கேட்கட்டும். இயற்கைப் புல்லுக்கு ஆகும் செலவு எவ்வளவு, அதில் கம்பெனி எவ்வளவு ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்கிப் பிரசுரிக்கட்டும்.