அரும்பு வரிசையில் அமர்ந்திருப்பவர்கள் யார்?

கிராமப்புறத் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க இயன்றோர் 2018இல் 10.2 விழுக்காட்டினர், பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் அது 4.8 விழுக்காடாகச் சரிந்தது. அசர் அறிக்கை தந்த இவ்வெண்கள் பரவலாக விவாதிக்கப்பட்டன. அவ்வறிக்கையின் அட்டவணைகளில் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பகுப்பு உண்டு. சாதிவாரியான பகுப்பு இல்லை. வாசிக்க இயலாதோருள் காலனிக் குழந்தைகள் எத்தனை பேர் என்ற வினா எழாமலேயே விவாதமும் ஓய்ந்தது.

2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அவர்தம் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கிறது. எழுத்தே அறியாத குழந்தையிடம் பத்தியை நீட்டுவதில் பயனில்லை என்பதால் இம்முறையை நாம் குறை கூறவில்லை. ஆயினும் ஜூன் மாதத்தில் அரும்பில் அமர்ந்த குழந்தை மார்ச்சிலும் அங்கேயே அமர்ந்திருந்தால் அது கற்றல் நிலையன்று, இருக்கை. பெற்றோர் செங்கல் சூளைக்குச் சென்றுவிடும், பாடநூலன்றி வேறு நூலே இல்லாத வீட்டிலிருந்து வரும் குழந்தை பெரும்பாலும் அரும்பில்தான் தொடங்கும். ஊர்த்தெருக் குழந்தைகள் மலரிலும் காலனிக் குழந்தைகள் அரும்பிலும் தங்கிவிட்டால், பழைய வரிசைக்குக் கற்பித்தல் முறையே புதுப்பெயர் சூட்டிவிடுகிறது. அம்பேத்கர் தாம் அமரும் சாக்கை வீட்டிலிருந்தே பள்ளிக்குக் கொண்டு சென்றார். இன்று சாக்கு தேவைப்படுவதில்லை.

அரும்பிலிருந்து குழந்தையை நகர்த்துவது சரளமான வாசிப்பு. எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும் குழந்தை, வரியின் முடிவை எட்டுமுன் அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. பொருள் கைக்கு எட்டுவதில்லை. ஒரே சிறு பத்தியைத் துணையோடு மும்முறை, நான்முறை வாசிக்கும்போது சொற்கள் முழுமையாகக் கண்ணில் படத் தொடங்கும். வகுப்பு முழுவதும் கேட்க ஒருவரை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் செய்யும் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. தடுமாறும் குழந்தைக்குக் கிடைப்பது ஒரு நிமிட வாசிப்பும் நாள் முழுதும் நீளும் ஏளனமும்தான்.

அந்த ஏளனத்தில் மொழிக்கும் பங்குண்டு. 'படித்தான்' என அச்சிட்டிருப்பதை ஒரு குழந்தை 'படிச்சான்' என்று வாசித்தால், பொருளை உணர்ந்து தன் மொழியில் சொல்கிறது என்றே கொள்ள வேண்டும். அச்சுவடிவத்தைப் பின்னர் நினைவூட்டலாம். அதைவிடுத்து 'வீட்டுப் பேச்சை வீட்டிலேயே விட்டுவா' என்று அதட்டினால், குழந்தை மறுமுறை வாயைத் திறவாது. எல்லாக் குழந்தைகளும் வீட்டில் பேச்சுத்தமிழே பேசுகின்றனர். ஆனால் யாருடைய பேச்சு வழக்கு எனப்படுகிறது, யாருடையது கொச்சை எனப்படுகிறது என்பதைத் தீர்மானிப்பது இலக்கணமன்று.

2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு நூல்களை வெளியிட்டது. குழந்தை தானே தேர்ந்து தனியே வாசிக்க வல்ல நூல்கள் இவை, வரவேற்கத்தக்க முயற்சி. எனினும் நூல் அலமாரிக்குள் இருக்க, சாவி தலைமையாசிரியரின் மேசையில் கிடக்கும் பள்ளிகளை நாம் அறிவோம். கிழிந்துவிடும், அழுக்காகிவிடும் என்பதே காரணமாகக் கூறப்படுகிறது. அழுக்கு என்ற சொல் எந்தத் தெருவை நோக்கி எளிதாகத் திரும்பும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நூல்கள் கிழியட்டும், ஆண்டுதோறும் மாற்றிக்கொள்ள நிதி ஒதுக்கலாம். வாரம் ஒரு நூலேனும் காலனி வீடுகளுக்குச் செல்ல வேண்டும். அதனை அக்காவுக்கோ பாட்டிக்கோ குழந்தை வாசித்துக் காட்ட வேண்டும்.

நிலைவாரிப் பகுப்பு பருவந்தோறும் மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்பதும் நம் கோரிக்கை. மாணவரின் சமூகப் பிரிவு கல்வி மேலாண்மைத் தகவல் மையத்தில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. கற்றல் நிலையை ஆசிரியர்கள் செயலியில் பதிவேற்றுகின்றனர். இவ்விரண்டையும் இணைத்து, அரும்பில் தேங்கியிருப்போர் யாவர் என ஒன்றியவாரியாக வெளியிடப் பள்ளிக் கல்வித் துறைக்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை.